ஐம்பத்தைந்து கிலோவுக்குள்

உதவிப் பொறியாளர் அங்கயற்கண்ணியின் போனில் புது மென்பொருள் ஒன்று வந்திருந்தது. சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டால் எந்த இயந்திரத்தை அனுப்பலாம் என்று அது சொல்லும். அடைப்பு இருந்த சந்தில் நின்றபடியே குழாயின் விட்டத்தையும் ஆழத்தையும் பதிந்தாள். தண்ணீர் பீய்ச்சும் லாரியின் படம் வந்தது. சந்தின் அகலத்தைப் பதிந்ததும் லாரி மறைந்து சிறிய வண்டி வந்தது. நடுவில் ஒரு குறுகலான திருப்பம் இருப்பதைப் பதிந்தாள். வண்டியும் மறைந்தது. பிறகு, 'ஒரு ஆள், ஐம்பத்தைந்து கிலோவுக்குள்' என்று வந்தது.

பல வருடத்து வேலை விவரங்களைக் கொடுத்துத்தான் அதைப் பழக்கியிருந்தார்கள். ஆளை இறக்கிச் செய்த வேலைகளும் அவற்றில் இருந்தன.

பின்னால் நின்று எட்டிப் பார்த்த மேஸ்திரி தணிகாசலம், "வேதமுத்து, நீ எவ்ளோ வெயிட்டுடா இருப்ப?" என்று கேட்டார்.

டீ குடித்துக்கொண்டிருந்த தொழிலாளி சிரித்தான். "அரிசி மூட்டையவிடக் கம்மிதாண்ணே."

"யாரையும் இறக்கக் கூடாது. நான் ஆபீஸ்ல பேசிட்டு வரேன்," என்றாள் அங்கயற்கண்ணி.

அவர்கள் காதில் விழாமலிருக்கத் தெருமுனைக்குப் போய்ச் செயற்பொறியாளரை அழைத்தாள். "வேற மெஷின் வர்ற வரைக்கும் வேலைய நிறுத்தலாம் சார்."

"அதுல என்ன வருதோ அதும்படி செய்ங்கம்மா," என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

அவள் திரும்பி வந்தபோது, மூடி திறந்திருந்த குழியருகே தணிகாசலம், வேதமுத்துவின் இடுப்பில் கட்டி இறக்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பதில் இல்லை.

"இழுங்க!" என்று அங்கயற்கண்ணி கத்தினாள்.

அவளும் ஓடிப்போய்க் கயிற்றைப் பற்றினாள். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கயிறு கனமே இல்லாமல் மேலே வந்துகொண்டிருந்தது.