ஏரிப் பக்கத்து சீட்

"அந்தாளு மனுஷனே இல்ல," என்றான் தர்மராஜ்.

மடியில் மாஸ் டிரான்ஸ்ஃபர் பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருந்த கண்ணகி அடுத்த கேள்வியை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். புருஷனுக்குக் கேள்வி கேட்டுக் கேட்டு, டிஸ்டிலேஷன், அப்சார்ப்ஷன் எல்லாம் அவள் வாயில் சாம்பார், ரசம் மாதிரி சகஜமாக வர ஆரம்பித்திருந்தன.

அந்தாள் என்றது வேதாந்தத்தை. செய்யூர் ரோட்டில் இருக்கும் சாயத் தொழிற்சாலையில் புரொடக்‌ஷன் இன்சார்ஜ். தர்மராஜ் அவருக்குக் கீழே ஆபரேட்டர்.

தொழிற்சாலையின் பின்பக்கம், முள்வேலி ஓரத்தில் ஒரு வால்வ் உண்டு. அதைத் திறந்தால் கழிவுத் தண்ணீர் சுத்திகரிப்புக்குப் போகாமல் நேரே ஏரிக்குப் போய்விடும். பொழுது சாய்கிற நேரத்தில் வேதாந்தம் தனியாக அங்கே போவார். சக்கரத்தைப் பிடித்துத் திருகுவார். கர்ச்சீப்பால் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார். பாய்லர் மேடையிலிருந்து தர்மராஜ் இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தான்.

அது அவன் ஊர் ஏரி. அந்தத் தண்ணீர் பாய்ந்த வேர்க்கடலைச் செடி கருகத் தொடங்கியிருந்தது. வேலைக்குப் போய் வரும் பஸ் அந்த ஏரிக்கரை மேல்தான் போகும். தர்மராஜ் வேண்டுமென்றே ஏரிப் பக்கத்து ஜன்னல் சீட்டில் உட்காருவான். அந்தத் தண்ணீரைப் பார்த்தால்தான் படிக்கிற வெறி வரும் என்பான்.

டிப்ளமோக்காரன் பேச்சை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிற ஏ.எம்.ஐ.இ. பரீட்சையை முடித்துவிட்டால் அவனும் இன்ஜினியர். வேதாந்தத்தின் நாற்காலிக்கு வந்ததும் முதல் காரியம், வால்வுக்கு ஒரு பூட்டு. இந்த ஒரே நினைப்பில்தான் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ், ஹீட் டிரான்ஸ்ஃபர் என்று விழுந்து எழுந்து தாண்டிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டும்விட்டான்.

"எங்க ஊரு ஏரி சார் அது. மாடு கூட வாய் வெக்க மாட்டேங்குது."

வேதாந்தம் சுற்றுமுற்றும் பார்த்தார். "நீ பாஸ் பண்ணிட்டு வா. அப்புறம் பேசலாம்."

சொல்லிவிட்டு, கழிவுநீர் சுத்திகரிப்புப் புத்தகத்தைத் தன் பையிலிருந்து எடுத்து நீட்டினார். எவ்வளவு கொழுப்பு இருந்தால் அந்தப் புத்தகத்தையே நீட்டுவார் என்று தர்மராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டான். அவனுக்கு அந்தப் பேப்பரும் பாக்கி இருந்தது.

முதலாளி வாசுதேவனிடம் வேதாந்தம் "சரிங்க சார்" தவிர வேறு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அந்தக் குனிவையும் குழைவையும் தர்மராஜ் கேன்டீனில் நடித்துக் காட்டுவான். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒருவழியாக எல்லாப் பேப்பரும் பாஸானது. அந்தச் சூட்டோடு, ஊர்க்காரர்களின் புகாரை விசாரிக்க மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்தார்கள். வால்வ் பக்கம் யார் போகிறார்கள் என்று தனக்குத் தெரியவே தெரியாது என வாசுதேவன் கையை விரித்துவிட்டார்.

தர்மராஜ் முன்னால் வந்தான்.

"தெனம் சாயங்காலம் இவருதான் போய் திருகிகினு இருந்தாரு. என் கண்ணால பாத்தேன்."

வேதாந்தம் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஜன்னலைப் பார்த்தார்.

"வால்வோட ஸ்பிண்டிலைப் பார்த்தியா, தர்மராஜ்?" என்று மட்டும் கேட்டார் வேதாந்தம்.

இந்த நிலைமையிலும் வாத்தியார் மாதிரி கேள்வியா என்று தர்மராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வேதாந்தத்தை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். செங்கல்பட்டு வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கேயோ போய்விட்டார் என்று பேச்சு. நாற்காலி தர்மராஜுக்கு வந்தது. கண்ணகி தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள்.

கேசரி தின்ற வாய் காய்வதற்குள் அவளே வந்து கேட்டாள்.

"இன்னாய்யா இது? அந்தாளு போனப்புறம்தான் ஏரி ரொம்ப மோசமா கீது. மீனெல்லாம் செத்து மெதக்குது."

மறுநாள் பொழுது சாயும்போது தர்மராஜ் முள்வேலி ஓரத்துக்குப் போனான். முதலாளியின் டிரைவர் கருப்பன் கையைத் துடைத்தபடி எதிரே வந்தான். வால்வின் சக்கரத்துக்கு மேலே ஸ்பிண்டில் தண்டு நெட்டுக்குத்தாக எழுந்து நின்றது. குழாய்க்குள் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது.

திறந்தால் ஸ்பிண்டில் மேலே எழும்பும், மூடினால் உள்ளே இறங்கிவிடும். முதல் பேப்பரிலேயே படம் போட்டு எழுதி மார்க் வாங்கிய பதில். பாய்லர் மேடையிலிருந்து சக்கரம் சுற்றியதை மட்டும் பார்த்தவனுக்கு, அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

நேரே முதலாளி அறைக்குப் போனான். வாசுதேவன் அவனை உட்காரச் சொன்னார்.

"கருப்பன் மேல கோவப்படாத. எப்பவும் அவன்தான் திறப்பான், நான் சொல்லித்தான். பின்னாலேயே யாரோ போய் மூடிட்டு வர்றாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். நீ சாட்சி சொன்னப்புறம்தான் அது வேதாந்தம்னே தெரிஞ்சுது."

தர்மராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"நீயும் அந்த மாதிரி ஏதாவது வெச்சுக்காத. புதுசா வந்த உத்தியோகம். என்ன?"

"சரிங்க சார்," என்றான் தர்மராஜ்.

அன்று பஸ்ஸில் கூட்டமே இல்லை. ஏரிப் பக்கத்து ஜன்னல் சீட் காலியாக இருந்தது.

அவன் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான்.