கீபோர்டுக்கு அடியில்

செய்தி அனுப்பும் எங்கள் செயலியில் கீபோர்டு மேலே வந்தால், எழுதும் பெட்டி அதற்கடியில் மறைந்துவிடும். நாற்பது பேர் புகார் அனுப்பியிருந்தார்கள். தமயந்தி என்பவர் மட்டும், "தயவுசெஞ்சு சரி பண்ணிடாதீங்க. எழுதுறது கண்ணுக்குத் தெரியாததாலதான் என் தங்கச்சிகிட்ட மன்னிப்பு கேக்க முடியுது" என்று எழுதியிருந்தார்.

திருத்தத்தை முடித்துவிட்டேன், வெளியிடுவதுதான் பாக்கி. அப்படி என்னதான் இருக்கிறது என்று, இன்னும் பழைய பதிப்பே இருந்த சோதனைப் போனை எடுத்தேன். வழக்கமாக அதில் நாலு எழுத்தைத் தாறுமாறாகத் தட்டுவேன். இன்று விரல் "அப்பா" என்று ஆரம்பித்தது. பெட்டி தெரியவில்லை. விரல் நிற்கவுமில்லை.

பக்கத்து மேசை சுகிர்தன், "அப்டேட் போயாச்சா?" என்றான்.

"இல்ல, இன்னும் டெஸ்ட் முடியல" என்றேன், தட்டிக்கொண்டே.