முன்சீட்டு ரேடியோ

"பள்ளம் வருதுங்க, இடதுபக்கமா ஒடிங்க. ம்... இப்ப நேராப் போங்க. சார், உங்களுக்கு எத்தனை பசங்க?"

ஒரே மூச்சில் கணவனுக்கு உத்தரவும் தனக்குக் கேள்வியும் வந்து விழ, பின்சீட்டில் இருந்த பஸ் டெப்போ அதிகாரிக்குத் தலை சுற்றியது. ஆட்டோக்காரரின் சீட்டிலேயே ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள், டவுனில் திறந்த வாயை இன்னும் மூடவில்லை. எருமை, மாட்டு வண்டி, வேலியில் காயும் துணி என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஒரே பொண்ணு," என்றார் அதிகாரி.

"நல்லது. ஏங்க, ஆடு. ஹாரன் அடிங்க."

ஆட்டோக்காரர் மறுபேச்சுப் பேசாமல் அடித்தார். தலை நரைத்த மனுஷனை இப்படியா ஆட்டிவைப்பது என்று அதிகாரிக்குப் பாவமாக இருந்தது. தன் வீட்டு நினைப்பும் வந்தது.

ஊர் வந்ததும், "தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருக்கு, ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்" என்று அவள் இறங்கிப் போனாள். அப்பாடா என்றிருந்தது.

பஸ் விடும் அளவுக்கு ஆள் இருக்கிறதா என்று அதிகாரி ஊரின் இரண்டு தெருவையும் நடந்து பார்த்தார். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆட்டோ நின்ற இடத்துக்குத் திரும்பி வந்தவருக்கு அங்கிருந்த மளிகைக் கடைக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"எங்களுக்கு பஸ் வருமா சார்?"

"வராதுங்க. ஜனத்தொகை பத்தாது. காலி பஸ்ஸை ஓட்டிட்டு டீசலுக்கு யார் அழறது? அதான் ஆட்டோ இருக்கே. ஆஸ்பத்திரி, ஸ்கூல் எல்லாத்துக்கும் இவர்தானே போறார்? வண்டியில ஒரு கீறல் கூட இல்லை."

"அது வாஸ்தவம்தான். ஆனா மனு மேல மனு போட்டு உங்களை வரவழைச்சதே இவர்தான் சார். பஸ் வந்தா இவர் பொழப்புலதான் மண்ணு. சொன்னாக் கேட்டாத்தானே."

அதிகாரி ஆட்டோக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன, எலெக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா?"

ஆட்டோக்காரர் சிரிக்கவில்லை. "ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறேன் சார். பயமா இருக்கு. எப்படியாவது ஒரு பஸ் விட்டுடுங்க."

"இவ்வளவு நிதானமா ஓட்டறவருக்கு என்ன பயம்? சரி, கிளம்பலாமா?"

"வீட்டுக்காரி வந்துடட்டும் சார்."

"அவங்க மெதுவா வரட்டும். எனக்கு டவுன்ல மீட்டிங் இருக்கு."

"அது நடக்காது சார்," என்று கடைக்காரர் குலுங்கிச் சிரித்தார். "ரேடியோ இல்லாம இந்த வண்டி நகராது. முன்னெல்லாம் தனியாத்தான் ஓட்டுவார். ஒரு வருஷமா ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே திரியறாங்க. புதுசாக் கல்யாணம் ஆன ஜோடின்னு நினைப்பு." சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று உள்ளே போனார்.

அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது.

"ரேடியோ கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டுங்க. ஒரு நடை பிரிஞ்சிருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது. வண்டியை எடுங்க," என்று ஆட்டோவில் ஒரு காலை வைத்தார்.

ஆட்டோக்காரர் கடைப்பக்கம் காதைத் திருப்பி, பேச்சுச் சத்தம் இல்லை என்று தெரிந்த பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப நீங்க முன்னாடி வந்து உக்காந்துக்குங்க சார். பள்ளம், வளைவு, ஆடு, மாடு எது வந்தாலும் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிட்டு வாங்க. எனக்குப் பார்வை போய் ஒரு வருஷமாச்சு, எல்லாம் நிழலாத்தான் தெரியுது. நான் நிறுத்திட்டா ஊருக்கு வேற வண்டி இல்லை."

அதிகாரி வைத்த காலை மெல்லக் கீழே இறக்கினார்.

"காலையில பஸ் எத்தனை மணிக்கு வந்தா ஸ்கூலுக்குச் சரியா இருக்கும்?" என்று கேட்டார்.