மூடிக்குள் மூவர்

வேலை முடிந்து வந்த களைப்பில், வளர்மதி அரிசியையும் பருப்பையும் பூசணித் துண்டுகளையும் ஒன்றாகக் குக்கரில் கொட்டித் தண்ணீர் ஊற்றி மூடினாள். மூன்றையும் தனித்தனிப் பாத்திரத்தில் வைத்துத்தான் அதற்குப் பழக்கம். நேற்று அப்படிச் சோறு, குழம்பு, பொரியல் என்று எல்லாம் முடிவதற்குள் குழந்தை நித்திலா பசியோடு தூங்கிவிட்டாள். இன்றும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்று குக்கர் தவித்தது.

உள்ளே அதற்குள் சண்டை.

"பருப்பண்ணே, கொஞ்சம் தள்ளிப் படு. நான் உதிரி உதிரியா இருக்கணும்" என்றது அரிசி.

"தள்ள எங்க இடம் இருக்கு? மகாராணி மாதிரி பேசாத" என்றது பருப்பு.

"உங்களையாவது நித்திலா சாப்பிடுவா. என்னைத் தட்டோரம் ஒதுக்கிருவா" என்று பூசணி விசும்பியது.

"நாலு விசில் வரைக்கும் சும்மா இருங்கப்பா! பிள்ளை கொட்டாவி விடுறா" என்று குக்கர் அதட்டியது.

முதல் விசிலில் அரிசி முணுமுணுத்தது. இரண்டாவதில் பருப்பு குழைந்தது. நாலாவது விசிலுக்குப் பிறகு உள்ளே யார் எவர் என்று குக்கருக்கே அடையாளம் தெரியவில்லை.

வளர்மதி நெய்யில் சீரகம் தாளித்துக் கொட்டினாள். நித்திலா ஊதி ஊதிச் சாப்பிட்டாள். ஒதுக்குவதற்குப் பூசணி அவள் கண்ணிலேயே படவில்லை.

"வளரு, இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டான் கணவன்.

"பேரு வைக்கத் தெம்பு இல்ல. சாப்பிடுங்க."

குக்கர் ஒரு பேர் சொல்ல வாயெடுத்தது. அதற்குள் நித்திலாவுக்கு மறுசோறு எடுக்கக் கரண்டி உள்ளே நுழைந்துவிட்டது.