எழுபத்தைந்து ரூபாய் உண்டியல்

உண்டியலில் ஐந்து ரூபாயும் இரண்டு ரூபாயுமாக இருபது நாணயங்கள், மதிப்பு எழுபத்தைந்து ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்கள் எத்தனை? கைடில் எழுபத்துமூன்று என்றிருந்ததைக் கணக்கு வாத்தியார் சபாபதி தேர்வுக்காக மாற்றிவிட்டு, விடையை மாற்ற மறந்துவிட்டார். கைடை மனப்பாடம் செய்திருந்த வகுப்பு மொத்தமும் பதினொன்று என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியது. தமயந்தி மட்டும் எக்ஸ் என்று வைத்துச் சமன்பாடு போட்டாள். மூன்று எக்ஸ் முப்பத்தைந்து என்று வந்தது. 'அப்படி ஓர் உண்டியல் இருக்க முடியாது' என்று எழுதி முட்டை வாங்கினாள்.

"எல்லாருக்கும் வர்ற விடை உனக்கு மட்டும் வராதா? பெஞ்சு மேல ஏறு."

ஏறினாள். "பதினோரு அஞ்சு ரூபா, ஒம்பது ரெண்டு ரூபா. வச்சுக் காட்டுங்க சார்."

ஜாமெட்ரி பாக்ஸ்கள் திறந்தன. தின்பண்டக் காசெல்லாம் மேசைக்கு வந்து சேர்ந்தது. சார் அடுக்கி எண்ணினார். எழுபத்துமூன்று. தன் சட்டைப்பையிலிருந்து இரண்டு ரூபாயை எடுத்து வைத்தார்.

"எழுபத்தஞ்சு. போதுமா?"

"இப்ப இருபத்தொரு காசு இருக்கு சார்."

அதைத் திரும்ப எடுத்தார்.

"எழுபத்திமூணு சார்." இந்த முறை சொன்னது வகுப்பு.

மேசைக்கும் பைக்கும் நடுவில் நாணயத்தோடு அவர் கை நின்றது.

"சரி, இறங்கு."

"முட்டையை அடிச்சிட்டு மார்க்கப் போடுங்க சார். இறங்குறேன்."