இன்னொரு குளுக்கோஸ் பாக்கெட்

“இன்னொரு பாக்கெட் குடுங்க சிஸ்டர்.”

வெரோனிகா கேட்டதும் நர்ஸ் கலைமதிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகள் நாள். வல்லம் பஸ்ஸிலும் அனந்தபுரம் பஸ்ஸிலும் வந்து இறங்கிய பெண்கள் செஞ்சி சுகாதார நிலையத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு குளுக்கோஸ் பாக்கெட். தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இந்த மகராசிக்கு மட்டும் இரண்டு கேட்கிறதா?

“எதுக்கும்மா ரெண்டு?”

“வேணும் சிஸ்டர்.”

“வூட்ல பையன் நக்கித் தின்னவா? இது இன்னா ரேஷன் சக்கரையா? எண்ணித்தான் வந்திருக்குது. உனக்கு ரெண்டு குடுத்தா வேற ஒருத்தி குடிக்காம போவணும்.”

வெரோனிகா விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள்.

“பாத்தியா, கோச்சிக்கினு போறத!” முதல் ஆளாக உட்கார்ந்திருந்த ரிஹானாவிடம் கலைமதி நொடித்துக்கொண்டாள். “போன மாசம் வந்தப்பவும் இப்படித்தான். குடிச்ச ஒடனே வாந்தி எடுத்துட்டு, பொழுதன்னிக்கும் அந்த பெஞ்சிலயே சுருண்டு கெடந்தா. போன வாரம் வூடு தேடிப் போயி, என் கார்டையே பிரிச்சுக் காட்டி, கெஞ்சிக் கூத்தாடி வரவச்சிருக்கேன்.”

“உங்க கார்டா சிஸ்டர்?”

கேட்க வேண்டியதுதான் பாக்கி. கைப்பையிலிருந்து தன் கர்ப்பிணி அட்டையை எடுத்துவிட்டாள் கலைமதி. அவளுக்கும் ஏழாவது மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கியிருக்கும் பிள்ளை. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று அவளைவிட அங்கே வருகிற பெண்கள்தான் அதிகம் வேண்டிக்கொண்டார்கள். ஒருத்தி மாங்காய் கொண்டுவருவாள், ஒருத்தி அதிரசம் கொண்டுவருவாள். எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிடுவாள் கலைமதி.

“இதோ பாரு, சுகர் டெஸ்ட்டு. போன மாசம் பதினெட்டாம் தேதி, நூத்தி ஆறு. எனக்கு இருக்குற வேலைல நானே எடுத்துட்டேன். உங்களுக்கெல்லாம் இன்னா நோவுது?”

பத்து நிமிஷத்தில் வெரோனிகா திரும்பி வந்தாள். கையில் மெடிக்கல் கடைப் பை. கலைமதி கொடுத்ததை வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள்.

“அப்பாடா! இந்தத் தண்ணிய குடிக்க எம்மாம் ஆர்ப்பாட்டம்!” என்றாள் கலைமதி.

எல்லாரும் சிரித்தார்கள். வெரோனிகாவும் சிரித்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

“மூத்தவன் வயித்துல இருந்தப்ப இந்தத் தண்ணிய ஜன்னல் வழியா ஊத்திட்டு, குடிச்சேன்னு சொல்லிட்டேன் சிஸ்டர். டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. ஆனா எனக்கு சர்க்கரை இருந்திருக்குது. பொறக்கறப்ப நாலரை கிலோ. எம்மாம் பெரிய கொழந்தன்னு ஊரே வாயப் பொளந்துச்சு. அன்னிக்கே அவனுக்கு சர்க்கரை எறங்கிப்போயி, ஒம்போது நாள் கண்ணாடிப் பெட்டில கெடந்தான். வெளில நின்னு பாத்துப் பாத்து அழுதேன்.”

கலைமதி தன் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“இப்பவாவது புத்தி வந்துச்சே. எங்கயும் நடக்காம அப்படியே ஒக்காரு” என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு வெரோனிகாவின் விரலில் குத்திப் பார்த்தாள். “நூத்திப் பதினாலு! ஒண்ணும் இல்ல, சந்தோசமா போயி சாப்புடு.”

வெரோனிகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் கிளம்புகிற வழியைக் காணோம். மற்ற பெண்களெல்லாம் ஒவ்வொருவராகப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு கடைப் பையைப் பிரித்து, அதிலிருந்த குளுக்கோஸை டம்ளரில் கொட்டிக் கலக்க ஆரம்பித்தாள்.

“ஏய்! உனக்கு இன்னா பைத்தியமா? அதான் டெஸ்ட்டு முடிஞ்சுபோச்சே!”

வெரோனிகா டம்ளரைக் கொண்டுவந்து கலைமதியின் மேஜைமேல் வைத்தாள். விரித்திருந்த நோட்டை அவளே மூடினாள்.

“எழுபத்தஞ்சு கிராம்னு கேட்டுத்தான் வாங்கியாந்தேன். குடிங்க சிஸ்டர். ரெண்டு மணி நேரம் நானும் கூட ஒக்காந்திருக்கேன்.”

“எனக்கா? நான்தான் எடுத்துட்டேனே. போன வாரம் கார்டுல பாத்த இல்ல?”

“பாத்தேன் சிஸ்டர். பதினெட்டாம் தேதின்னு எழுதியிருந்தீங்க.” வெரோனிகா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நான் வாந்தி எடுத்துட்டு இந்த பெஞ்சில கெடந்தது அன்னிக்குத்தான். காலைலேர்ந்து வந்தவங்களுக்கெல்லாம் கரைச்சுக் கரைச்சுக் குடுத்தீங்களே, நீங்க ஒரு முழுங்கு பச்சத்தண்ணி கூட குடிக்கல.”