குமிழி எழும்பிய தகடு

மண்டபம் அகதி முகாமில் ஒன்றாக வெல்டிங் பழகி, ஒரே நாளில் மன்னாருக்குத் திரும்பியவர்கள்தான் நீக்கிலாசும் நிதர்சனும். ஐதரசன் வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆய்வுகூடத்தில் ஒரேயொரு வேலை இருந்தது. சோதனைக்கு இருவரும் நிக்கல் தூளைச் சுட்டு ஆளுக்கொரு தகடு செய்து கொடுத்தார்கள்.

நிதர்சனின் தகட்டையே எல்லாரும் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் நீக்கிலாசுக்கு வயிறு எரிந்தது. ஆளில்லாத நேரம் அதில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, பின்பக்கமாகக் காற்று விட்டான். ஒரு இடம் மிச்சமில்லாமல் குமிழி! 'சவர்க்காரத் தண்ணீர் பூசிக் காற்று விட்டுப் பார்த்தாச்சு, நிதர்சனின் தகடு முழுக்க ஓட்டை' என்று அன்றைக்கே மொட்டைக் கடதாசி எழுதிப் போட்டான்.

நேர்முகத்துக்கு இருவரையும் ஒன்றாகவே கூப்பிட்டார் ஆய்வுகூடப் பேராசிரியை. கையில் அந்தக் கடதாசி.

"நீக்கிலாஸ், உங்கட தகட்டில ஓட்டை இருக்கோ?"

"ஊசிமுனை அளவும் இல்லை, மிஸ்!"

"அப்ப சரிவராது. வாயு தகட்டுக்குள்ளால எல்லா இடமும் ஒரே சீராப் போகவேணும். நிதர்சன்ர தகட்டில போகுதெண்டு ஆரோ சோதிச்சு எழுதியிருக்கினம். நிதர்சன், வேலை உங்களுக்குத்தான்."

கடதாசியைத் திருப்பிப் பார்த்தார்.

"இப்பிடிச் சோதிக்கத் தெரிஞ்ச ஆளையும் எடுக்கலாம். பேர்தான் இல்லை."

நிதர்சன் நண்பனின் தோளில் கை போட்டான்.

"எழுதினவன் நல்லாயிருக்கவேணும், மச்சான்! ஆரெண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது," என்றான் நீக்கிலாஸ்.